மூன்று நாள் மருந்து

வேப்பம்பாளையம்,
26-6-1934

அன்புத் தம்பி பொங்கியண்ணனுக்கு அக்காள் நாச்சியம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் மகள் வள்ளியாத்தாளும் சுகம். இடது காது மட்டும் இன்னும் மந்தமாகவே இருக்கிறது. என்னைக் கட்டிய உன் மாமன் கை அப்படி. ஆலைப் பஞ்சுத்தூசியில் உனக்கு இருமல் வராமல் இருக்கிறதா?

சேதியை உட்கார்ந்துகொண்டு படி. நம் அய்யன் கல்யாணம் செய்துகொண்டுவிட்டார். போன வாரம் பொள்ளாச்சிச் சந்தைக்கு எருது பிடிக்கப் போனவர், எருதை விட்டுவிட்டு ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பெயர் சென்னியம்மாள். வயது இருபத்தேழு, என்னைவிட மூன்று வயது இளையவள். அவளுடைய அண்ணனே சந்தையில் கையைப் பிடித்துக் கொடுத்தானாம். கல்யாணம் நடத்திவைக்க அருமைக்காரர் இல்லை, சீர் இல்லை, சொந்தபந்தம் ஒருவரும் இல்லை. நம் காட்டுக் கருப்பணன் கோயிலில் தாலி கட்டியாயிற்று. ஐம்பத்தெட்டு வயதில் இது என்ன கூத்து!

எருது பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைக்கையில் வடக்கயிறு அறுந்து அடித்து ஆத்தா கிணற்று மேட்டில் செத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்குள் ஆத்தாவின் அடுப்பில் இவள் உலை வைக்கிறாள். "ஏனம்மணி, சின்னாத்தா வந்துட்டாளாமா?" என்று ஊர்ப் பெண்டுகள் என்னைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் அக்காள்
நாச்சியம்மாள்

பீளமேடு, கோயமுத்தூர்,
4-7-1934

அக்காளுக்குத் தம்பியின் வணக்கம். இருமல் இல்லை. வலது கை முட்டி மட்டும் வீங்கியிருக்கிறது. உன் கடிதத்தைப் படித்த ஆத்திரத்தில் சேதியை ஆலையில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "உங்கய்யனுக்குப் புது மாப்பிள்ளை யோகமா?" என்று ஒருவன் பல்லைக் காட்டினான். காட்டிய பல்லில் இரண்டு இப்போது இல்லை. மேஸ்திரி ஒரு வாரம் வேலைக்கு வராதே என்றுவிட்டார்.

அய்யன் கையை நமக்குத் தெரியாதா? எருமையைத் தவறவிட்டதற்கு எட்டு வயதில் வாங்கிய சாட்டைத் தழும்பு இன்னும் என் முதுகில் இருக்கிறது. குழம்பில் காரம் கூடியதற்கு உலக்கையால் ஆத்தாவின் மணிக்கட்டை உடைத்தார். முப்பது வருஷம் அவரிடம் அடிபட்டவளைக் கடைசியில் கயிறும் ஒரு அடி அடித்துவிட்டது. இப்போது அந்த அடியைத் தின்ன இன்னொருத்தி வந்திருக்கிறாள். தின்னட்டும். எத்தனை மாதம் தாங்குகிறாள் பார்ப்போம். அவள் தாங்கிவிட்டால் நான் வருகிறேன். இங்கே கொல்லுப்பட்டறையில் சொல்லி நல்ல அரிவாளாக ஒன்று அடித்து வைத்திருக்கிறேன்.

ஆத்தாவின் வருஷத் திதிக்கு நீ போவாய் அல்லவா? அந்தப் புதியவள் உடம்பில் எத்தனை காயம் என்று பார்த்து எழுது. அங்கப்ப மாமனுக்கு என் வணக்கம். காதில் எண்ணெய் காய்ச்சி விட்டுக்கொள்.

பொங்கியண்ணன்

வேப்பம்பாளையம்,
9-8-1934

அன்புத் தம்பிக்கு அக்காள் எழுதுவது. வள்ளியாத்தாள் சுகம். நானும் சுகமென்றே வைத்துக்கொள். தோள்பட்டை தூக்க வரவில்லை, அதனால்தான் பதில் இத்தனை தாமதம். திதிக்குப் போனவள் வண்டி கிடைக்காமல் ஒரு நாள் கூடுதலாகத் தங்கிவிட்டேன். உன் மாமன் வண்டித் தடியை எடுத்துவிட்டார். "இனி எங்க போனாலும் ஒரு நாள்தான். பொழுது சாய ஊடு வந்து சேரோணும்" என்று சொல்லியிருக்கிறார். தப்பு என்னுடையதுதான்.

நீ கேட்டாயே, எத்தனை காயம் என்று. ஒன்றுகூட இல்லை.

தம்பி, நம்புவாயா? திதியன்று எல்லோர் முன்னாலும் அவள் கொதிக்கிற ரசத்தை அய்யன் காலில் கொட்டிவிட்டாள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அறை விழும் சத்தம் கேட்கவில்லை. திறந்து பார்த்தால் அய்யன் காலைத் துடைத்துக்கொண்டு, "போவுது உடு புள்ள. உனக்குக் கையில பட்டுதா?" என்று அவளைக் கேட்கிறார்!

சாட்டை மாட்டும் ஆணி வெறுமனே இருந்தது. எங்கே என்று கேட்டேன். "கருப்பணனுக்குக் குடுத்துப்போட்டேன் கண்ணு" என்றார். கள்ளையும் விட்டுவிட்டாராம். நான் பிறந்ததிலிருந்து என்னை அவர் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. ஆளும் பாதியாக மெலிந்துவிட்டார். திரும்பி வரும்போது வள்ளியாத்தாள் தன் தாத்தா வீட்டைப் பற்றிச் சொல்கிறாள்: "அப்பாரு ஊட்டுல ஆரும் அழுவறதே இல்லீங்காத்தா." குழந்தைக்கே தெரிந்துவிட்டது, அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று.

ஆண்பிள்ளை தானாக இப்படி மாறுவானா? மருந்து வைத்துவிட்டாள், தம்பி. சோற்றில் பிசைந்து கொடுத்திருப்பாள். அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளைப் பசுவாக்கி, ஆறு மாதத்தில் உருக்கிக் கொன்றுவிடும் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். அடித்தாலும் உதைத்தாலும் அவர் நம்மைப் பெற்றவர். ஆத்தாவைத்தான் பறிகொடுத்தோம். இவரையும் விட முடியாது. ஏதாவது செய்.

நாச்சியம்மாள்

பீளமேடு,
27-8-1934

அக்காளுக்கு வணக்கம். நான் சுகம். தோள் இப்போது எப்படி? மாமனிடம் நான் பேசினால் உனக்குத்தான் இன்னும் இரண்டு விழும் என்பதால் பேசவில்லை.

ஞாயிறன்று பொள்ளாச்சி போய் அவளுடைய அண்ணனைக் கண்டுபிடித்தேன். எருதுத் தரகன். தங்கச்சியைப் பற்றிக் கேட்டதும், "பீடை தொலைஞ்சுது. திரும்பி வந்தாக் காலை முறிச்சுப்போடுவேன்" என்றான். கூடப்பிறந்தவனே இப்படிச் சொன்னால் அவள் எப்பேர்ப்பட்டவளாக இருக்க வேண்டும்!

அங்கே லட்சுமணசாமி என்று ஒரு கிழவர், வைத்த மருந்தை எடுக்கிறவர். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். கோபக்காரன் கோபத்தை மறந்தால் அது முதல் அடையாளம், உடம்பு மெலிவது இரண்டாவது என்றார். பொடி ஒன்று கொடுத்திருக்கிறார். சோமனூரிலிருந்து சேலை விற்க உன் ஊருக்கு வருகிற தறிக்காரர் ராமுலுவிடம் கொடுத்து அனுப்புகிறேன். சேலை மடிப்பில் இருக்கும்.

கவனமாகக் கேள். பொட்டலத்தில் மூன்று நாள் மருந்து இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு பங்கு, காலையில், கம்பங்கஞ்சியில். மூன்று நாளும் தொடர்ந்து கொடுக்க வேண்டும், இடையில் விட்டால் பலிக்காது. வாந்தியில் உருண்டையாக அவள் வைத்தது வெளியே வந்துவிடும். நான்காம் நாள் நம் பழைய அய்யன் எழுந்து நிற்பார். அப்புறம் அவளை என்ன செய்ய வேண்டுமோ அவரே செய்வார். நான் அரிவாள் எடுக்க வேண்டிய வேலையே இருக்காது.

பொங்கியண்ணன்

காரைக்காட்டுவலசு,
5-9-1934

மகன் பொங்கியண்ணனுக்கு அய்யன் செங்கோடன் ஆசீர்வாதம். இங்கே சோளம் கதிர் வாங்கியிருக்கிறது. எனக்கு உடம்பு மெலிந்துவிட்டது, தூக்கம் பிடிப்பதில்லை. வேறு நோவு இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நான் சொல்லச் சொல்லச் சென்னியம்மாள் எழுதுகிறாள். இதில் இருப்பதெல்லாம் அவளுக்கு முன்பே சொன்னதுதான்.

வடம் தானாக அறவில்லை, சாமி. அன்றைக்குக் கஞ்சி கொண்டுவர உங்கள் ஆத்தா நேரமாக்கிவிட்டாள். எருதுகளை நிறுத்திவிட்டு வந்து விலாவில் உதைத்தேன். கிணற்றோரக் கல்லில் தலை மோதி விழுந்தாள். முனகக்கூட இல்லை. பிறகு நானே அரிவாளால் வடத்தை அறுத்துப் போட்டுவிட்டு ஊரைக் கூப்பிட்டேன். எல்லோரும் நம்பினார்கள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

கருமாதி முடிந்த மறுநாள் சாட்டையைக் கருப்பணன் காலடியில் வைத்தேன். இனி மனுசர் மேலும் சரி, மாட்டின் மேலும் சரி, இந்தக் கையை ஓங்கினால் இது அழுகி விழட்டும் என்று சத்தியம் செய்தேன்.

பொள்ளாச்சிச் சந்தையில் ஒருவன் தன் தங்கையை மூக்கணாங்கயிற்றால் அடித்துக்கொண்டிருந்தான். நூறு பேர் பார்த்துக்கொண்டு நின்றோம். என்னால் நிற்க முடியவில்லை, போய் அவன் கையைப் பிடித்தேன். "அத்தனை பரிவு இருந்தா நீயே கூட்டிக்கிட்டுப் போய்யா" என்றான். சும்மா கூட்டி வந்தால் ஊர் அவளை என்ன பேசும்? தாலி கட்டினேன். கல்யாண ஆசையில் கட்டவில்லை.

உனக்குக் கோபம் வரும். வெட்ட வேண்டுமென்றால் வா, குனிந்து கொடுக்கிறேன். அவளை ஒன்றும் செய்துவிடாதே. தீபாவளி நோம்பிக்கு வந்தால் நாச்சியையும் வைத்துக்கொண்டு இதை நானே வாயால் சொல்கிறேன். கடுதாசியில் சொன்னால் போதாது.

அய்யன்
செங்கோடன் (கைநாட்டு)

பீளமேடு,
14-9-1934

அக்காளுக்கு வணக்கம். நான் சுகம், நீ சுகமா? ராமுலு வந்தாரா?

அய்யன் அனுப்பியதாக அவர் பெயர் போட்டு எனக்கு ஒரு கவர் வந்திருக்கிறது. மேல்விலாசம் குண்டு குண்டாக ஒரு பொம்பளைக் கையெழுத்து. அய்யனுக்கு எழுதத் தெரியாது என்று அவளுக்குத் தெரியாதா, நமக்குத் தெரியாதா? எனக்கும் ஏதோ வசியம் செய்யப் பார்க்கிறாள். பிரிக்கவில்லை. டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன். நெருப்பில் போடலாமென்று எடுத்தேன், மேலே அய்யன் பெயர் இருந்ததால் மனம் வரவில்லை.

இனியும் நாள் கடத்தாதே. மருந்தைக் கொடு.

பொங்கியண்ணன்

வேப்பம்பாளையம்,
7-10-1934, ஞாயிறு காலை

அன்புத் தம்பிக்கு. சுகம், சுகத்துக்கு எழுது.

சேலை மூன்று வாரம் முன்பே வந்து சேர்ந்தது. உன் மாமனிடம் தினமும் கேட்டு, நேற்றுப் புரட்டாசிச் சனிக்கிழமைதான் போய்வர விட்டார். ஒரே நாள். பொழுது சாயத் திரும்பிவிட்டேன்.

கஞ்சியை நானே கரைத்தேன். "நீங்க உக்காருங்கம்மணி, நான் கரைக்கறேன்" என்று அவள் வந்தாள், விடவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று. அய்யன் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். நான் வண்டியேறும்போது வாசல்வரை வந்து, "காது இப்ப கேக்குதா கண்ணு?" என்று கேட்டார்.

இனி நல்லபடியாகும். வாசலில் ஓர் ஆள் மூச்சு வாங்க வந்து நிற்கிறான், அய்யன் ஊர்க்காரன் போலிருக்கிறது. என்னவென்று பார்த்துவிட்டு மீதியை எழுதுகிறேன்.

நாச்சியம்மாள்

கோயமுத்தூர்,
14-11-1934

வேப்பம்பாளையம் நாச்சியம்மாளுக்குச் சென்னியம்மாள் எழுதுவது. உங்கள் குழந்தை சுகமாக இருக்க வேண்டும். நான் பெரியாஸ்பத்திரியில் இருக்கிறேன். எழுத்துக் கோணலாக இருக்கும், இடது கையால் எழுதுகிறேன்.

வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. அது உங்களுக்குத் தெரியும், நீங்கள் அங்கேதான் நின்றீர்கள். அந்த ஞாயிறு சாயங்காலம் உங்கள் அய்யன் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். உங்கள் தம்பி தந்தி கிடைத்து வந்தவர், அய்யன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "முந்திக்கிட்டயாடி?" என்று கேட்டுக்கொண்டே வெட்டினார். மருந்து வேலை செய்வதற்குள் நான் விஷம் வைத்து முந்திக்கொண்டேனாம். முதல் வெட்டு தோளில். இரண்டாவதைக் கையால் தடுத்தேன். மூன்றாவது விழும் முன் ஆட்கள் பிடித்துவிட்டார்கள். என் கை அய்யன் பிணத்தின் போர்வைமேல் கிடந்தது. நீங்கள் தூணைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடியே நின்றீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அய்யன் வயிற்றில் விஷம் இருந்ததென்று பட்டணத்துப் பரிசோதனையில் வந்துவிட்டது. சமைத்தவள் நான் என்று என் கட்டிலுக்குப் பக்கத்தில் போலீஸ்காரர் ஒருவரை உட்கார வைத்திருக்கிறார்கள். புண் ஆறியதும் சிறைக்குக் கொண்டுபோவார்களாம். கஞ்சி கரைத்தது நீங்கள் என்று சொன்னேன். மாற்றாந்தாய் பேச்சை யார் நம்புகிறார்கள்?

ஒன்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் வண்டியேறிக் கொஞ்ச நேரத்தில் வாந்தி ஆரம்பித்தது. பிறகு ரத்தமாக வந்தது. கஞ்சி எப்படி இருந்தது என்று கேட்டேன். "வேப்பங்காயாட்டம் கசந்துச்சு புள்ள. எத்தனை நாளைக்கப்புறம் எம்பொண்ணு கையில கரைச்சுக் குடுக்குறா, கசக்குதுன்னு சொன்னா மனசு நொந்துபோவா" என்றார். விடியும்போது போய்விட்டார்.

நீங்கள் வேண்டுமென்று கொன்றதாக நான் நினைக்கவில்லை. அதற்காக மன்னிக்கவும் இல்லை. என்ன கலந்தீர்களோ அதைச் சொல்லுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

சென்னியம்மாள்

கோயமுத்தூர் ஜெயில்,
28-11-1934

அக்காளுக்குத் தம்பியின் வணக்கம். சாப்பாடு கிடைக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

இங்கே எந்தக் கடிதமானாலும் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உள்ளேயும் விடுவார்கள், வெளியேயும் விடுவார்கள். அதனால் உன்னை ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது, கேட்கவில்லை.

ஆலையில் என்னோடு வேலை பார்த்த ரங்கராஜ் பார்க்க வந்தான். என் பெட்டியிலிருந்த பழைய தாள்களையெல்லாம் ஒழித்துவிட்டு, பிரிக்காத கவர் ஒன்றை மட்டும் கொண்டுவரச் சொன்னேன். அதைக் கொண்டுவந்து கொடுத்தான். படித்தேன்.

வடம் அறவில்லை, அக்கா. ஆத்தாவை அய்யன்தான் உதைத்துக் கொன்றார். அவர் வாயாலேயே சொல்லி எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் சாட்டையை வைத்தார். யாரும் அவருக்கு மருந்து வைக்கவில்லை. 'அவளை ஒன்றும் செய்துவிடாதே' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை எழுதின கையைத்தான் நான் வெட்டியிருக்கிறேன். வெட்டுவதற்கு முன் ஒரு மாதம் இந்தக் கடிதம் என் பெட்டியில் கிடந்தது.

பொடி வாங்கியவன் நான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கஞ்சியில் போட்ட கை யாருடையது என்று கேட்கிறார்கள். தெரியாது என்றே சொல்லியிருக்கிறேன், இனியும் அப்படியே சொல்வேன். உனக்கு ஒரு குழந்தை இருக்கிறது. பேசுவதும் பேசாமல் இருப்பதும் உன் இஷ்டம். என்னை வந்து பார்க்க வேண்டாம், உன்னை அவர் ஒரு நாளுக்கு மேல் விடமாட்டார்.

பொங்கியண்ணன்

வேப்பம்பாளையம்,
6-12-1934

தம்பி பொங்கியண்ணனுக்கு அக்காள் நாச்சியம்மாள் எழுதுவது.

இதைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுப்பார்கள் என்று எழுதியிருந்தாய். அதற்காகத்தான் எழுதுகிறேன். படிக்கிற அய்யா யாராயிருந்தாலும் நன்றாகப் படித்துக்கொள்ளட்டும்.

மூன்று நாள் மருந்தையும் ஒரே கலயத்தில் போட்டேன். எனக்கு ஒரு நாள்தான் கிடைத்தது. இரண்டாம் நாளும் தங்கினால் எலும்பு மிஞ்சாது. இடையில் விட்டால் பலிக்காது என்று நீ எழுதியிருந்தாய். மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் சீக்கிரம் பலிக்குமென்று நினைத்தேன். சென்னியம்மாள் பானையைத் தொடவே இல்லை. இது சத்தியம்.

இன்னொன்றும் இருக்கிறது. வடம் அறவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆத்தாவைக் குளிப்பாட்டியவள் நான்தானே? விலாவில் குதிகால் தடம் கறுப்பாகப் பதிந்திருந்தது. கயிறு பட்டால் குதிகால் தடம் விழுமா? வேறு பெண்டுகள் பார்ப்பதற்குள் மஞ்சளை அள்ளி அதன்மேல் அப்பினேன். குடும்ப மானம் போகக்கூடாதென்று அப்பினேன். அன்றைக்குத் திறக்காத வாயை, உன் அரிவாளுக்கு முன்னாலும் திறக்கவில்லை. அந்தக் கை என் கண் முன்னால் விழுந்தது. மூன்றையும் போட்டு அய்யனைச் சாகடித்தவள் நான் என்று அப்போதே எனக்குத் தெரியும். பயந்துகொண்டு நின்றேன்.

அய்யனைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். பழைய அய்யனாக இருந்தால் முதல் மடக்கிலேயே துப்பிவிட்டு, கலயத்தை என் மண்டையில் வீசியிருப்பார். எனக்கு ரத்தம் வந்திருக்கும், அவர் உயிரோடு இருந்திருப்பார். திருந்தினதால் குடித்தார். அடிக்காத ஆண்பிள்ளையை நான் பார்த்ததே இல்லையடா தம்பி. பிறந்த வீட்டிலும் இல்லை, வந்த வீட்டிலும் இல்லை. பார்த்ததும் அது வியாதி என்று நினைத்துவிட்டேன்.

இதைத் தபாலில் போட்ட கையோடு வெள்ளகோவில் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போகிறேன். நான் சொல்லப் போகிற விஷயம் காலையிலேயே தெரிந்து உன் மாமன் கைவரிசையைக் காட்டிவிட்டார். வலது கண் திறக்கவில்லை, அதனால் வரி ஏறி இறங்கியிருக்கும். இப்போது கள் குடிக்கப் போயிருக்கிறார். இத்தனை நாளும் சுகம், சுகம் என்று எழுதினேன். இன்றைக்கு எழுதவில்லை.

சின்னாத்தாவுக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். அவளை விட்டுவிடுவார்கள். விட்டதும் காரைக்காட்டுவலசு வீட்டுக்குத்தான் போவாள். வள்ளியாத்தாளை அவள் வைத்து வளர்க்க வேண்டுமென்று கேட்டிருக்கிறேன். கேட்க எனக்கு முகமில்லை. ஒற்றைக் கையோடு அவள் என் மகளை ஏற்பாளோ மாட்டாளோ, அதுவும் தெரியாது. யாரும் அழாத ஊடு என்று எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

உன் அக்காள்
நாச்சியம்மாள்